பசை காயவிடாதவர்

திருகாணியை இறுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இறுக்காமலே போகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு பேராலும் ஊருக்குப் பெரிய தொல்லை இல்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகம்: இறுக்கியது இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறவர். உங்களுக்கும் அவரைத் தெரியும். சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்தே அதை வேகவிடாதவர், தூங்கின குழந்தையைத் தட்டி எழுப்பித் தூங்கிவிட்டாயா என்று கேட்பவர், ஒட்டின உறையைக் கிழித்து உள்ளே கடிதம் இருக்கக் கண்டு நிம்மதி அடைபவர்.

என் தங்கையின் ஓரகத்தி வீட்டுக்காரர் இந்த ரகம். எதைக் கேட்டாலும் “சும்மா பார்த்தேன்” என்பதால் தெருவுக்கே அவர் சும்மா மாமா.

அவர் மருமகள் ஆஸ்பத்திரி வேலைக்குத் தினமும் சைக்கிளில் மேட்டுத் தெருவை இறங்குகிறவள். தெரு முடிகிற இடத்தில் லாரி ரோடு. அவள் சைக்கிளில் டிஸ்க் பிரேக். சக்கரத்தின் நடுவே மெல்லிய இரும்புத் தட்டு ஒன்று. அதை ஆறு குட்டித் திருகாணிகள் பிடித்திருக்கும். பிரேக் அந்தத் தட்டைக் கவ்வினால் சக்கரம் நிற்கும். திருகாணி தளர்ந்தால்? தட்டு ஆடும். ஓட்டுகிறவளின் குலையும் ஆடும்.

சைக்கிள் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, ஆறையும் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும், தளராமல் பிடிக்க, ஒரு சொட்டு நீலப் பசை வைத்து, எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி இறுக்கினார்.

“நாளைக்கு வரைக்கும் யாரும் தொடக் கூடாது. பசை காயணும்.”

“நாங்க ஏன்யா தொடப் போறோம்,” என்றார் மாமா.

மறுநாள் தட்டு பழையபடி கடகடவென்று ஆடியது.

“மாமா, ஸ்க்ரூவைத் தொட்டீங்களா?”

“தொடலம்மா. டைட்டா இருக்கான்னு சும்மா பார்த்தேன்.”

“எப்படிப் பார்த்தீங்க?”

“லேசா லூஸ் பண்ணித்தான். பண்ணாம எப்படித் தெரியும், டைட்டா இருந்துச்சான்னு?”

இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் உடைப்பது?

அடுத்த ஞாயிறு மறுபடி பசை. சைக்கிளைக் குளியலறையில் நிறுத்தினாள் மருமகள். அன்று யாருக்கும் குளியல் கிடையாது. மத்தியானம் மாமாவுக்கு மட்டும் உடம்பெல்லாம் கசகசத்தது. துண்டோடு உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்து, தலைமுடி ஒன்றுகூட நனையாமல் வெளியே வந்தார்.

மூன்றாவது ஞாயிறு மாமியாரே நாற்காலி போட்டுச் சைக்கிளுக்குக் காவல் உட்கார்ந்தாள்.

“என்னை நம்பலையா நீ?”

“நம்புறதா? கல்யாண ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு, போட்டோமான்னு மூணு தடவை வாங்கிப் பார்த்த ஆளாச்சே நீங்க.”

சாப்பிட்ட மயக்கத்தில் அவள் கண் அசந்தது பத்தே நிமிஷம். மாமாவுக்கு ஐந்தே போதும். அந்தத் திங்கள் மருமகள் இரண்டு காலையும் தரையில் தேய்த்துத்தான் லாரிக்கு முன்னால் நின்றாள். செருப்பு ஒன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

நாலாவது ஞாயிறும் பசை வைத்தாயிற்று. மருமகள் மாமாவின் சட்டைப் பையிலிருந்த, திருகாணி கழற்றும் நட்சத்திர முனைச் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள். சைக்கிளை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் அறையில் வைத்துப் பூட்டினாள். ஒரு நாள் முழுக்க மனிதக் கை படாமல் பசை காய்ந்தது. மாமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை மேட்டுத் தெருவில் சைக்கிள் அம்பாக இறங்கியது. லாரி ரோட்டுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தாள். ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. லாரி ஒன்று கடந்து போனது. அவள் உயிர் அவளிடமே இருந்தது.

இறங்கினாள். இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதே, நிஜமாகவே இறுகித்தான் இருக்கிறதா என்று குனிந்தாள். பையிலிருந்து அந்த நட்சத்திர முனைச் சாவியை எடுத்தாள். ஒரே ஒரு திருகாணி. அதுவும் லேசாக.

சிரிக்கிறீர்கள். இன்று காலை வீட்டைப் பூட்டி, நாலு படி இறங்கி, மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தது யார்? இழுத்ததோடு விட்டீர்களா, இல்லை, திறந்தும் பார்த்தீர்களா?