உங்கள் பின்னால் இருபது பேர் நிற்கிறார்களாமே

கேமரன்மலை
11.8.1974

அன்புள்ள அண்ணன் வேலப்பன் அவர்களுக்கு,

நீங்கள் பொய் எழுதுகிறீர்கள். தம்பி ஆண்டியப்பனின் வணக்கம். அப்பா, அம்மா, நான் இங்கே நலம். உங்கள் நலத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

‘இந்தியாவில் நல்ல மரியாதை, காலையில் நான் போய் நின்றால் என் பின்னால் இருபது பேர் வரிசையாக நிற்கிறார்கள்’ என்று எழுதினீர்கள். அதை அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகப் படித்துக் காட்டிவிட்டார். “மூத்தவன் அங்க கங்காணி ஆயிட்டான்லா” என்று பிரிஞ்சாங் மார்க்கெட்டில் கோஸ் விற்கிறவர்வரை செய்தி போய்விட்டது. வேலை பெர்மிட் கிடைக்காமல் இங்கிருந்து துரத்தப்பட்டவர் நாலே மாதத்தில் ஆள்களை மேய்க்கிற கங்காணியா? யாருக்குக் கங்காணி? கேட்டால், “பொறாமைடா உனக்கு” என்கிறார் அப்பா.

உண்மை சாரதா அண்ணி அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் நான்தான் படித்தேன், பாதியை விழுங்கிவிட்டு. இங்கே விடியுமுன் பெரட்டு வரிசையில் நின்று, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடக் காத்திருந்த பழக்கம் உங்களை விடவில்லை. அங்கேயும் ஐந்தரைக்கே பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறீர்கள், அந்த வெயில் ஊரில் கம்பளிச் சட்டையோடு. மலாயாக்காரர் சும்மா நிற்பாரா, ஏதோ கொடுக்கப்போகிறார்கள் என்று ஒருவர் பின்னால் நிற்க, அவர் பின்னால் மண்ணெண்ணெய் டின்னோடு ஊரே நிற்க, கிளார்க் வந்து “எதுக்குய்யா நிக்கிறீங்க?” என்றதும் எல்லாரும் உங்களைக் கைகாட்ட, நீங்கள் “பேர் கூப்பிடுங்க சார், வேலைக்குப் போறோம்” என்றீர்களாம். “நீ எந்த நாட்டுக்காரன்யா?” என்றாராம் அவர். இங்கே முப்பது வருஷம் கொழுந்து பறிச்ச குடும்பத்துப் பிள்ளையைப் பார்த்து ‘நீ இந்தியாக்காரன், போ’ன்னாங்க. அங்க போனா இப்படி. ரெண்டு ஆபீஸ் மேலயும் ஆத்திரமா வருது அண்ணே, ஆனா உங்க மேலதான் ஜாஸ்தி. வேலை இல்லேன்னு ஒரு வரி எழுதினா கை தேய்ஞ்சிடுமா?

ஏன்னா, உங்க பெருமையை நம்பி அப்பா அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி மேனேஜர்கிட்ட வேலையை விட்டுட்டு, லயத்து வீட்டையும் திருப்பிக் குடுத்துட்டு அங்க வரப்போறார். “மூத்தவன் எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடுப்பான்லா”ன்னு சிரிக்கிறார். இந்த வீடு போனா மறுபடி கிடைக்காது. உடனே தந்தி அடிங்க: ‘வர வேண்டாம்’. ரெண்டே வார்த்தை.

அண்ணிக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். முருகன் உங்களைக் காப்பாற்றட்டும். கம்பளிச் சட்டையைக் கழற்றும் புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி ஆண்டியப்பன்

பி.கு.: தந்தி வேண்டாம். அப்பா ஒண்ணாந்தேதிவரை பொறுக்கவில்லை. இன்று காலையே தோட்ட ஆபீசுக்குப் போய் வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக்குக் குடிவரப்போகிறவர்கள் வந்து அடுப்படியை அளந்துகொண்டு போய்விட்டார்கள். அண்ணி எழுதியதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை; நீங்கள் அங்கே கங்காணிதான் என்று நானும் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இதற்கு மட்டும் பதில் போடுங்கள். கப்பலை விட்டு இறங்கியதும் அப்பா உங்களிடம் கேட்பார், “எனக்கு எங்கடா வேலை?” என்று. என்ன சொல்லப்போகிறீர்கள்?