ஏழரைக் கோடி ஆண்டுச் சாட்சி

ஆண்குலத்தின் உரிமையை நிலைநாட்ட நான் ஏழரைக் கோடி ஆண்டுகள் பின்னால் போனேன். ஏழரை என்ற எண் வந்தபோதே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

உரிமை என்றால் ஓட்டுரிமை, பேச்சுரிமை மாதிரி பெரிய சமாச்சாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போகும் உரிமை.

பக்கத்து வீட்டு அமல்தாஸ் வேன் பிடித்திருந்தான். எங்கள் தெருவே கிளம்புகிறது. ஒகேனக்கல்லில் எண்ணெய் போட்டு உருட்டித் தேய்த்தால் என் முதுகுக்கு இருபது வயது குறையும். முகத்துக்கு அந்த வசதி இல்லை; அதனால் என்ன, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தால் போயிற்று. பிறகு குளியல். பிறகு சுடச்சுட மீன் வறுவல். கனவிலேயே முள் எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

குறுக்கே வந்தது ஒரு கீரி.

என் மனைவி மிக்கேலம்மாளின் அடைக்கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முட்டைகளை மட்டும் எனக்கென்று விட்டுவிட்டுப் போயிற்று. மிக்கேலம்மாள் அசரவில்லை. தவிடு போட்ட கூடையில் முட்டைகளை வைத்தாள். மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை குஞ்சு பொரிக்க வேண்டும். எங்கள் ஊர் கரண்ட்டோ விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி; எப்போது கோபித்துக்கொண்டு போகும் என்று தெரியாது. போன நிமிடமே கூடைக்குக் கம்பளி போர்த்தி, பக்கத்தில் சுடுதண்ணீர் பாட்டில் வைக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே ஒருவருக்கு ஒகேனக்கல். ஒருவருக்குக் கூடை.

"நீங்கதான் போன வருசம் போனீங்களே," என்றாள்.

"போன வருசம் மழை. தேச்ச எண்ணெய் முதுகுல நிக்கவே இல்ல. அது கணக்குல சேராது."

"நான் பரிசல்ல ஏறி எத்தனை காலமாச்சு தெரியுங்களா?"

"பரிசல்ல என்ன இருக்கு? சுத்தும். தலையும் கூடச் சேந்து சுத்தும்."

"இந்த வூட்டுக்குள்ளயே எனக்குத் தலை சுத்திட்டுதானுங்க இருக்குது. தண்ணில சுத்துனா காத்தாவது வரும்."

நேரடிச் சண்டையில் நான் ஜெயித்ததாக வரலாறு இல்லை. சாட்சி தேடினேன். சாட்சி, அமல்தாஸின் மகள் உருவத்தில், எங்கள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது.

அனிஷா நாலாவது படிக்கிறாள். பள்ளிக்கூட மேடையில் டைனோசர் பற்றிப் பேச வேண்டுமாம். படம் போட்ட இங்கிலீஷ் புத்தகத்தோடு சாயங்காலம் ஆனால் வந்துவிடுவாள். அவள் வாசித்துத் தமிழில் சொல்வாள். நான் உப்பு, காரம் சேர்த்துத் திருப்பிச் சொல்வேன்.

"எல்லாரும் டி-ரெக்ஸ்தான் சொல்லுவாங்க தாத்தா. யாருக்கும் தெரியாததா சொல்லணும்னு மிஸ் சொன்னாங்க."

"யாருக்கும் தெரியாததா? சித்தேரி மலையடியில ஒண்ணை நேர்லயே பாத்திருக்கேன் கண்ணு. மூச்சு விட்டுச்சு பாரு, என் துண்டு பறந்து பொம்மிடி ஸ்டேஷன்ல விழுந்துச்சு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது முனிராஜோட எருமைங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மிக்கேலம்மாள் முட்டைக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கை புளியில். காது எங்கள் பக்கம். இதுதான் சமயம் என்று கச்சேரியை ஆரம்பித்தேன்.

"தெரிசினோசாரஸ்னு ஒண்ணு, அனிஷா. ஒவ்வொரு நகமும் கொடுவாள் நீளம்!"

"யாரைக் குத்தும் தாத்தா?"

"யாரையும் குத்தாது. கிளையை இழுத்து இலைதழை தின்னுட்டுப் பேசாமப் போயிரும். அது மட்டும் நம்மூர்ல இருந்தா புளி உலுக்க ஆளே தேட வேணாம்."

"வெளிய பாத்தா வீறாப்பு, உள்ள வந்தா கீரைச்சோறு," என்றாள் மிக்கேலம்மாள். "அந்த ஜாதி இன்னும் அழியலைங்க."

கேட்காத மாதிரி அடுத்த பக்கம் போனேன்.

"இது நைஜர்சாரஸ். ஆப்பிரிக்காவுல இருந்துச்சு. வாய் தொடப்பம் மாதிரி அகலம். உள்ள ஐந்நூறு பல்லுக்கு மேல! தேஞ்ச பல்லு விழுந்தா ரெண்டு வாரத்துக்குள்ள புதுப்பல்லு தயார்."

சொல்லும்போதே எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னிடம் இருப்பது ஒரே பல்செட். தும்மினால் அது முன்னே போகும், நான் பின்னே ஓடுவேன்.

இனி மெயின் சாட்சி.

"அடுத்தது மையசாரா. ஏழரைக் கோடி வருசத்துக்கு முந்தினது. அந்தப் பேருக்கு 'நல்ல தாய்ப் பல்லி'ன்னு அர்த்தம். கூட்டமாக் கூடு கட்டி, முட்டை வெச்சு, பொரிஞ்ச குஞ்சுக்குத் தீனி கொண்டாந்து குடுக்குமாம். முட்டையை விட்டு எங்கயும் போகாது. குறிப்பா ஆத்துப் பக்கம் போகாது. பரிசலைத் திரும்பிக்கூடப் பாக்காது."

தீனி வரைக்கும் புத்தகம். அதற்கு மேல் என் காரம்.

"அப்பவே பரிசல் இருந்துச்சா தாத்தா?"

"இருந்திருந்தாலும் பாத்திருக்காது."

மிக்கேலம்மாள் புளி தட்டுவதை நிறுத்தினாள். பெருமூச்சு விட்டாள். "அத்தனை வருசமாப் பொம்பளைங்க முட்டையோட இருந்திருக்காங்க. நான் ஒரு நாள் இருந்தா தேஞ்சா போயிருவேன்? நீங்களே போய்ட்டு வாங்க."

ஜெயித்தேன்! கல்யாணமான நாள் முதல் ஜெயிக்காத நான் ஜெயித்தேன்! அந்த நிமிடமே புத்தகத்தை மூடி, குழந்தைக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"முட்டைன்னதும் ஞாபகம் வருது," என்றாள் அவள், புளியைப் பார்த்தபடியே. "பிரிட்ஜ்ல ஒரு முட்டை குறையுது. வூட்டுக்குள்ள ஒரு முட்டைத் திருடன் இருக்கானுங்க."

சத்தியமாக நான் எடுக்கவில்லை. நான் எடுத்தது அதற்கு முந்தின முட்டை.

"பழி! வீண்பழி!" என்று எழுந்தேன். "அனிஷா, எடு அந்த ஓவிராப்டர் பக்கத்தை! இதோ பாரு மிக்கேலு, இதுக்கும் 'முட்டைத் திருடன்'னுதான் பேரு வெச்சாங்க. மங்கோலியா பாலைவனத்துல முட்டைங்க பக்கத்துல இதோட எலும்பு கெடந்துச்சு. உடனே, வேற டைனோசர் முட்டையைத் திருட வந்துச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. விசாரணை இல்ல, ஒண்ணும் இல்ல!"

"அடப்பாவமே."

"பல வருசம் கழிச்சு அதே மாதிரி முட்டைக்குள்ள பாத்தா, இவங்க இனத்துக் குஞ்சு! எல்லாம் சொந்த முட்டை! இதோட சொந்தக்கார டைனோசர் ஒண்ணு, எறகுக் கையை விரிச்சு முட்டைமேல உக்காந்தபடியே மண்ணுக்குள்ள கெடந்துச்சு. அதையா திருடன்னீங்க?"

மிக்கேலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மண்ணு மூடியும் எந்திரிக்கலையே! என்னா ஒரு ஆத்தா!"

"ஆத்தாவா?"

"பின்ன? ஆம்பளையா இருந்தா முட்டையைப் போட்டுட்டு மீன் வறுவல் திங்கப் போயிருக்கும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழரைக் கோடி ஆண்டு ஆண்கள் அத்தனை பேரும் என் நாக்கில் வந்து நின்றார்கள்.

"அது ஆம்பளை!"

"சும்மா அளக்காதீங்க."

"ஆம்பளைதான்! அனிஷா, நீ படி. சத்தமாப் படி. தெருவுக்கே கேக்கட்டும்!"

அனிஷா விரல் வைத்துப் படித்து, நிமிர்ந்தாள். "எலும்பை ஆராய்ச்சி பண்ண விஞ்ஞானிங்க சில பேரு, முட்டைமேல உக்காந்து பாத்துக்கிட்டது அப்பாவா இருக்கலாம்னு சொல்றாங்க ஆயா."

"பாத்தியா!" என்று தொடையைத் தட்டினேன்.

"பாத்தேனுங்க," என்றாள் மிக்கேலம்மாள். "அப்ப அம்மா எங்க போயிருக்கும் அனிஷா?"

"தெரியல ஆயா. புக்குல போடல."

"ஒகேனக்கல் போயிருக்கும் கண்ணு."

புளிக்கூடையை ஓரம் தள்ளிவிட்டு, பையில் சேலை எடுத்து வைக்க எழுந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அனிஷா வெளியே ஓடி, "எங்க தாத்தா ஓவிராப்டர் மாதிரி! ஞாயித்துக்கிழமை அவருதான் முட்டையைப் பாத்துக்கப் போறாரு!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்புறம் நான் எந்த முகத்தோடு வேன் ஏறுவது?

ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பியது. உடனே கரண்ட்டும் கிளம்பியது. கம்பளி போர்த்திய கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வீடியோ காலில் மிக்கேலம்மாள் பரிசலில் சுற்றினாள். ஒரு கையில் மீன்.

"ஏனுங்க, சூடா இருக்குதுங்களா?"

"மீனா?"

"முட்டைங்க!"

அந்த நேரத்தில்தான் முதல் ஓடு விரிசல் விட்டது. ஈரத்தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அது கண்ட முதல் முகம் என் முகம். அடுத்தடுத்து வந்தவையும் என்னையே பார்த்தன. பொழுது சாய்வதற்குள் குஞ்சுக் கூட்டம் என் குடும்பமாகிவிட்டது. இப்போது நான் கொல்லைக்குப் போனால் வரிசையாகப் பின்னால் வருகின்றன. உட்கார்ந்தால் வேட்டிக்குள் நுழைகின்றன. மிக்கேலம்மாள் கிட்டே போனால் கத்துகின்றன.

நேற்று அமல்தாஸ் வந்தான். அடுத்த மாதம் வேளாங்கண்ணிக்கு வேன் விடுகிறானாம். சட்டையை மாட்டிக்கொண்டு நான் வாசலுக்கு வருவதற்குள் மிக்கேலம்மாள் பேசி முடித்துவிட்டாள்.

"எனக்கு மட்டும் ஒரு சீட்டு போதும் தம்பி. குஞ்சுங்க அப்பாவை விட்டு இருக்காதுங்க."