கற்பனை வராத நாவலாசிரியை

உலகத்தில் கற்பனை என்பது துளிகூட இல்லாமல் நாவல் எழுதிய ஒரே ஆள், ஆனையூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எபிசோடு அக்கா என்றால் கூரியர்காரருக்குக்கூடத் தெரியும்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவருக்கு வேலை. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் கோயம்புத்தூரில். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, காபி குடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். செல்போன் ஆப் ஒன்றில் காதல் தொடர் எழுதிக்கொண்டிருந்தார். டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. நடந்துகொண்டே போனிடம் வாயால் சொல்வார், அது எழுதிக்கொள்ளும். குரலோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பழகிய குரல். அதனால் வாசகர்கள் படிப்பதற்கு முன்பே எங்கள் தெரு முழுக்கக் கதையைக் கேட்டுவிடும்.

"அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான் முற்றுப்புள்ளி அவள் கன்னம் சிவந்தது முற்றுப்புள்ளி" என்று மேலிருந்து வந்தால், எதிர்வீட்டில் மிக்ஸியை நிறுத்துவார்கள். ஒருநாள் நாயகி காதலைச் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்துக் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி வந்து சேர்ந்தது. போன் அதையும் எழுதிக்கொண்டதில், அவள் பேச்சில் முருங்கைக்காய், கத்திரிக்காய் என்று ஏறிவிட்டது. அக்கா அதைத் திருத்தவில்லை. வெட்கத்தில் பேச்சை மாற்றுகிறாள், என்ன இயல்பு என்று வாசகிகள் உருகினார்கள்.

மற்ற தொடர்களில் நாயகன் தொழிலதிபராக இருப்பான். இவருடைய நாயகன் கேஸ் ஏஜென்சியில் பில் போடுவான். ஏன் என்று கேட்டேன்.

"தொழிலதிபர் காலையில எந்திரிச்சு மொதல்ல என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாதுல்ல. தெரியாததை எப்படிம்மா எழுதுறது?"

நாயகன் நாயகியைத் தூக்கிக்கொண்டு படியேறியபடியே காதல் பேச வேண்டும் என்று ஒரு கட்டம் வந்தது. எங்கள் பால்காரரிடம் ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறச் சொன்னார். ஏறும்போதே ஏதாவது அன்பாகப் பேசவும் சொன்னார். பால்காரர் பாதிப் படியில் மூட்டையை இறக்கிவிட்டார்.

"மூச்சு வாங்குதுக்கா. பேச்சே வரமாட்டேங்குது."

அந்த வார எபிசோடில் நாயகனும் நாயகியைப் பாதிப் படியில் இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிய பிறகுதான் காதலைச் சொன்னான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் ஓடிக்கொண்டிருந்தது. என் தங்கை மீனாவும் அவளோடு வேலை பார்க்கும் உசிலம்பட்டிப் பையனும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். பையன் வீட்டில் சம்மதம். அம்மாதான் அசையவில்லை. "மூத்தவ வீட்ல இருக்கையில சின்னவளுக்கு எப்படி?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த மூத்தவள் நான். எனக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுபோயின. எனக்கு அதில் பெரிய கவலை இல்லை, வேலையும் ஸ்கூட்டியும் போதுமாக இருந்தன. ஆனால் தைக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று உசிலம்பட்டியில் சொல்லிவிட்டார்கள். மீனா அம்மாவிடம் பேசுவதையே நிறுத்தினாள். மாடிப்படியில் உட்கார்ந்து போனில் அழுவாள். எபிசோடு அக்கா அவளைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும்.

அடுத்த வாரமே புதுத் தொடர் தொடங்கியது. ஒரு வீடு, இரண்டு சகோதரிகள், தங்கைக்கு ஒரு காதல், விட்டுக்கொடுக்காத அம்மா. பெயர்களை மட்டும்தான் மாற்றியிருந்தார். எங்கள் கதைதான் என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவோ பின்வாசலில் துணி மடித்தபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"என்ன பொம்பளை இவ? பெத்த பிள்ளை அழுகுது, இவ வெந்தயக் குழம்பைத் தாளிச்சுக்கிட்டு நிக்கிறா" என்றார் ஒருநாள். எங்கள் வீட்டு அடுப்பிலும் அன்று வெந்தயக் குழம்புதான்.

மார்கழி பாதியில் தொடர் நின்றுபோனது. வாசகிகள் ஆப்பில் திட்டினார்கள், தெருவில் நேரிலேயே திட்டினார்கள். அக்கா மொட்டை மாடிக்கே போகவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் அம்மாவே அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மீனாவும் நானும் அங்கேதான் இருந்தோம்.

"ஏத்தா, கதையை ஏன் நிறுத்திட்ட?"

"அந்த அம்மா மனசுல என்ன இருக்குன்னு தெரியலக்கா. தெரியாம எப்படி எழுதுறது?"

அம்மா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"சின்னவளுக்கு மொதல்ல முடிச்சா, மூத்தவளுக்கு என்ன குறையோன்னு நாளைக்கு நாலு பேர் பேசுவாக. அந்தப் பேச்சு எம்பிள்ள காதுல விழக்கூடாது. அதுதான் இருக்கு. வேறென்ன இருக்கும்?"

எம்பிள்ள என்றதும் மீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"அது நம்ம கதைன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றேன்.

"வெந்தயக் குழம்பு அன்னிக்கே தெரியும். மீனாதான் எங்கிட்ட பேசுறதில்லையே. இவ மனசுல உள்ளதை மாடியிலருந்துதான் கேட்டுக்கிட்டேன்."

எபிசோடு அக்கா மெதுவாகக் கேட்டார். "ஏன்க்கா, அந்த மூத்தவகிட்ட யாராச்சும் கேட்டீகளா?"

அம்மா என்னைப் பார்த்தார். அத்தனை மாதங்களில் அந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. பேசுறவுக பேசட்டும். இவ அழுகுறதைத்தான் பாக்க முடியல."

அம்மா காபியை அக்காவிடம் நீட்டினார். "உசிலம்பட்டிக்காரகளை வரச் சொல்லு மீனா."

மீனா எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். காபியைத் தொடாமலே அக்கா வாசலுக்குப் போய்விட்டார். "அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள் முற்றுப்புள்ளி" என்ற சத்தம் வந்தது.

"நான் எங்க துடைச்சேன்? உள்ளதை எழுது" என்று சொல்லிவிட்டு, அம்மா அதன்பிறகு துடைத்துக்கொண்டார்.

தையிலேயே கல்யாணம். ஓய்வு பெற்றதும் எபிசோடு அக்கா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு போன் வரும். "அந்த மூத்தவளுக்கு எதுவும் நடந்துச்சா? இல்லாட்டி ரெண்டாம் பாகம் எழுத முடியாது பாத்துக்க" என்பார். ஒண்ணும் இல்லக்கா என்பேன். சரி, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசுவார். அந்த ஆப்பில் அவர் எழுதுவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எனக்குத் தெரியும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் எந்தக் காரணத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்?