கியர் பல்லில் முகம் பார்ப்பவர்

மினுமினுப்பர் என்று ஒரு மனித வகை உண்டு. ஒரு பொருள் பளபளத்தால் அது நல்ல பொருள், பளபளக்காததைப் பளபளக்க வைத்துவிட்டால் அதுவும் நல்ல பொருள். இவ்வளவுதான் அவர்களுடைய வேதாந்தம். இவர்கள் எங்கும் இருப்பார்கள் என்றாலும், கொழுகொழுவென்று வளர்வது அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்துக் கியர் பட்டறைகளில்தான். நம்பிக்கை இல்லையென்றால் ஏரிக்கரைப் பட்டறையில் முதல் சாணை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆர்வில் டெட்லாஃபைப் பாருங்கள். அவரைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. அரைத்து முடித்த கியரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் பல்லில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

"மூஞ்சி தெரியுது பாரு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்பார். முப்பத்தொரு வருடமாக இதே கேள்வி. யாரும் பதில் சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை.

பதில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடினமாக்கிய எஃகைச் சாணைக்கல்லால் அரைக்கும்போது, கல் மழுங்கியிருந்தாலோ, அவசரப்பட்டு ஆழமாக அழுத்தினாலோ, சூடு ஏறிப் பல்லின் மேல்தோல் வெந்துவிடும். வெந்த இடம் நீலம் பாரிக்கும், கடினம் குறைந்து மெத்தென்று ஆகிவிடும், பின்னால் என்றைக்காவது பாரம் தாங்கும் வேளையில் அங்கேதான் விரிசல் விடும். கல்லை அடிக்கடி வைர முனையால் சீவிக் கூராக்கினால் இந்தத் தொல்லை வராது. ஆனால் சீவ நேரமாகும். மினுமினுப்பர் வேறொரு வழி வைத்திருக்கிறார். கடைசியில் இரண்டு முறை கல்லால் பல்லை வலிக்காமல் தடவிக் கொடுப்பார், நீலம் போய்விடும். வேக்காடு அப்படியே அடியில் இருக்கும். அதனால் என்ன, மூஞ்சி தெரிகிறதே?

நவம்பர் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் அந்த வருடத்து மான் வேட்டை தொடங்கும் நாள். எங்கள் ஊரில் கல்யாணத்தைத் தள்ளி வைப்பார்கள், பல் பிடுங்குவதைத் தள்ளி வைப்பார்கள், வேட்டையின் முதல் நாளைத் தள்ளி வைத்தவர் கிடையாது. வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறச் சட்டை, ஆர்விலுடையது, காலையிலிருந்தே இயந்திரத்தின் மேல் தொங்கியது. வண்டியில் தொத்திறைச்சியும் பியரும் ஏற்றியாகிவிட்டது, வடக்கே காட்டில் மச்சான் அடுப்பு மூட்டிக் காத்திருக்கிறான். நடுவில் நின்றது எட்டு கியர். வடக்கே பனிச்சறுக்கு மலையில் ஜனங்களை உட்கார வைத்துக் கம்பியில் மேலே இழுத்துப்போகும் தொங்கு நாற்காலிகளுக்கானவை. திங்களன்று போயாக வேண்டும்.

முதல் மூன்று கியருக்கு ஆர்வில் ஒழுங்காகக் கல்லைச் சீவினார். நாலாவதுக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். அதோடு சீவுவது நின்றது, அழுத்தம் கூடியது, பொறி பறந்தது, நீலம் பூத்தது, தடவல் நடந்தது. பன்னிரண்டு மணிக்கு எட்டும் தகதகவென்று வரிசையில் நின்றன. சொரசொரப்பு அளக்கும் கருவி எட்டுக்கும் நல்ல அளவையே காட்டியது. பாவம், அதுவும் மேலோடு தடவிப் பார்க்கும் ஜாதிதானே.

தரச் சோதனை அறையில் மார்லா வைசோக்கி இருந்தாள். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டாள். கியரை அமிலக் கரைசலில் முக்கி எடுப்பது அவள் வேலை. நல்ல பல் ஒரே சாம்பல் நிறமாக வெளியே வரும், வெந்த பல்லில் கறுப்புத் திட்டு விழும். எட்டில் ஒன்றைச் சோதித்தால் போதும் என்பது பட்டறை வழக்கம். ஆர்வில் முதல் கியரைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி நீட்டுவதுபோல் நீட்டினார்.

"இந்தாம்மா, சட்டுனு முக்கி எடு. வழி நாலு மணி நேரம்."

மார்லா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நேரே போய் ஆறாவதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அது எதுக்கு? எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதானே. அப்ப எதை எடுத்தா என்ன?"

கரைசலிலிருந்து வெளியே வந்த ஆறாவது கியரின் பல்லெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் தீற்றல், சரியாகக் கல் அழுத்திய இடங்களில். ஆர்வில் அதில் தன் முகத்தைத் தேடினார். காணவில்லை. மார்லா மீதியையும் முக்கினாள். நாலாவதிலிருந்து எட்டாவது வரை ஐந்தும் கழிவு. அன்று பட்டறை அரை நாள்தான், கையிருப்பில் இருந்த அரைக்காத ஐந்து கியரை நாளைக்கு முதலிலிருந்து அரைக்க வேண்டும்.

ஆர்வில் வெடித்தார். "முப்பத்தொரு வருஷமா என் கியர் ஒண்ணு உடைஞ்சதா சொல்லச் சொல்லு. ஒரு சொட்டு அமிலத்தை வச்சுக்கிட்டு நீ ஆட்டம் போடுறே. வேட்டைக்குப் போறவளா இருந்தா உனக்குத் தெரியும் இந்த நாளோட அருமை. உனக்கென்ன, சனிக்கிழமை வீட்ல துணி மடிப்பே."

மார்லா கியரின் கறுத்த பற்களைத் துடைத்தாள். 

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து ஆர்வில் ஒவ்வொரு கியருக்கும் கல்லைச் சீவினார். முதலாவதைச் சோதனைக்கு எடுத்துப் போனபோது மார்லா ஏற்கெனவே அங்கே இருந்தாள். அவர் அரைத்தால் அவள் முக்கித்தானே ஆக வேண்டும், அது அவருக்குத் தோன்றவேயில்லை. சுவர் ஆணியில் ஓர் ஆரஞ்சுத் தொப்பி தொங்கியது. அதில் அந்த வருடத்து வேட்டை அனுமதிச் சீட்டு குத்தியிருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடதுதான். எங்க அப்பா கூடப் போறது, இருபத்திரண்டு வருஷமா. இன்னிக்கு அவர் தனியா மரத்துப் பரண்ல ஏறி உக்காந்திருப்பார்."

 ஆர்வில் மினுமினுப்பர் எப்போதும் செய்வதைச் செய்தார். மதிய இடைவேளையில் கடைக்கு ஓடி, கடித்தால் கீச்சென்று சத்தம் போடும் புதுச் சீஸ் கட்டிகள் ஒரு பை வாங்கி வந்து, மேஜைமேல் வைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நேத்து ஏதோ வாய்க்கு வந்தது. மனசுல வச்சுக்காதே. நாம நல்லாத்தானே இருக்கோம்?"

மார்லா ஒரு கட்டியை எடுத்துக் கடித்தாள். கீச்சென்றது. அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"மேல நல்லாத்தான் இருக்கு ஆர்வில்," என்றாள். "முக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

ஐந்து கியரும் சாம்பல் நிறமாக வெளியே வந்தன. தன் வேலையில் அவர் முகம் பார்க்காமல் விட்டது அன்றைக்குத்தான். மாலையில் மச்சான் போனில் கூப்பிட்டு, ஆர்வில் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று எட்டு முனைக் கொம்பு மானைச் சுட்டதாகச் சொன்னான். ஆர்வில் வாழ்த்திவிட்டு வைத்தார்.

நல்லவேளை, நீங்கள் கியர் அரைப்பவர் இல்லை. அவசரத்தில் வீட்டில் யாரையாவது சுள்ளென்று பேசிவிட்டு, சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே நுழைந்து, எதிரிலிருப்பவரும் சிரித்ததைப் பார்த்து "எல்லாம் சரியாகிவிட்டது" என்று நிம்மதியாகத் தூங்கியவரும் இல்லை. இல்லைதானே? எதற்கும் அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பாருங்கள். அதில் தெரிந்தது அவர் முகமா, உங்கள் முகமா?