பதினோராம் பொருத்தம்

சென்ட் லோரன்டில் ஒரு தொடர்மாடியின் நிலவறை. வெளியே முழங்கால் அளவு பனி. வாசலில் பக்தர்கள் கழற்றிக் குவித்த சப்பாத்துகளோ அதைவிட உயரம். உள்ளே அருள்வாக்கு அருமைநாதன்!

சாதகம், கைரேகை எல்லாம் இவருக்குப் பழசு. ஈராயிரம் ஆண்டுக்கு முன் பாலைவனத்து நபதேயர் பாறையில் வெட்டிய எழுத்துகளில் ஒன்று, அதுதான் இவர் மூலதனம். அதை வந்தவரின் ஃபோனுக்கு வாட்சப்பில் அனுப்புவார். எழுத்துத் தெரிந்தால் யோகம். வெறும் பெட்டி தெரிந்தால் தோசம், அது சவப்பெட்டியாம்! பரிகாரம்? கையிலுள்ள தங்கக் காப்பு. வேறென்ன?

"பத்துப் பொருத்தமும் சரி சாமி. இது பதினோராவது," என்று மகன் கஜரூபனையும் அவனுக்கு நிச்சயித்த கோபிகாவையும் முன்னே தள்ளினார் சிவாஜினி.

கஜரூபனின் புது ஃபோனில் எழுத்து. கோபிகாவின் பழைய ஃபோனில் பெட்டி.

"ஐயோ! கலியாணத்தை நிப்பாட்டுவம்!" என்றார் சிவாஜினி. கஜரூபன் கம்பளத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். முதுகெலும்பாக இருக்கலாம்.

"காப்பைக் குடுத்தா எழுத்து வருமோ சாமி?" என்றாள் கோபிகா.

"அம்பாள் இரங்கினா வரும் பிள்ளை."

"பொறுங்கோ, நானும் உங்களுக்கு ஒண்டு அனுப்புறன்... மாமி, சாமியின்ர ஃபோனில என்ன தெரியுது?"

சிவாஜினி எட்டிப் பார்த்தார். "பெட்டி!"

"அது... சிக்னல் இல்லை," என்றார் சாமி.

"எனக்கெண்டாச் சவப்பெட்டி, உங்களுக்கெண்டாச் சிக்னலோ? ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில ஒரு இலக்கம் இருக்கு. அதின்ர வடிவம் ஃபோனுக்குள்ள இருந்தா எழுத்து, இல்லாட்டிப் பெட்டி. உங்கட எழுத்து என்ர ஃபோனில இல்லை. நான் அனுப்பினது போன வருசம் இலக்கம் குடுத்த எழுத்து. அனுப்ப இலக்கம் போதும், பார்க்கத்தான் வடிவம் வேணும், அது உங்கட ஃபோனில இல்லை. அவ்வளவுதான்."

"நான் காப்பைக் குடுத்தாப் பிறகு எழுத்து வந்ததே!" என்று தன் ஃபோனை நீட்டினார் பக்கத்தில் இருந்த கிளி என்ற பக்தை.

"அதை ஒருக்கா விரலால அமத்துங்கோ அக்கா. அது எழுத்தில்லை, படம். படமெண்டா எந்த ஃபோனிலயும் தெரியும்."

கிளி அமத்தினார். படம் விரிந்தது. ஓரத்தில் சாமியின் கட்டைவிரலும் அருள்பாலித்தது.

"டேய், என்ர காப்பு எங்கை?" என்று சாமி மேல் பாய்ந்தார் கிளி.

சாமி பின்கதவைத் தேடினார். நிலவறைக்கு ஏது பின்கதவு? காப்புப் பை வெளியே வந்தது.

சிவாஜினியின் குரலில் இப்போது தேன். "அப்ப கலியாணத்தை வைப்பம், என்ன பிள்ளை?"

கோபிகா குளிரங்கியை மாட்டினாள். "யோசிச்சுச் சொல்லுறன் மாமி. யோசிச்சா ஒரு தோசமும் வராது. நீங்களும் ஒருக்காச் செய்து பாருங்கோ!"