குலுக்கிக் காட்டும் குலம்

குலுக்கிக் காட்டுவோர் என்று ஓர் இனம் உலகமெங்கும் பரவிக் கிடக்கிறது. அதன் தலைசிறந்த மாதிரியைப் பார்க்க விரும்புகிறவர்கள் திருப்பதிக்குத்தான் வரவேண்டும். மலைக்கு அல்ல; கீழேயே, ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்கு. பெயர் பேராசிரியர் சடகோபன், சித்தூர்க்காரர்.

அவருடைய தொழில், தண்ணீரில் இரும்புத் துகள்களை மிதக்க விடுவது. கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள். போர்வெல் தண்ணீரின் நஞ்சைப் பிடித்துக்கொள்ளக்கூடியவை. ஆனால் சும்மா விட்டால் மிதக்குமா? ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகி, அடியில் போய்ப் படுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் பாலிமர். அதன் நீண்ட சங்கிலிகள் ஒவ்வொரு துகளையும் சுற்றிக்கொண்டு, தரிசன வரிசையில் முழங்கையை விரித்து நிற்கும் ஆசாமிபோல, அடுத்தவரை நெருங்க விடாது. அளவு குறைந்தாலோ, ஒரே சங்கிலி இரண்டு துகளைப் பிடித்து இரண்டையும் சேர்த்து மூழ்கடிக்கும். சடகோபன் பாலிமரைப் பெருங்காயம்போலக் கிள்ளித்தான் போடுவார்.

அதனாலென்ன, பாட்டிலில் துகள் படிந்தால் குலுக்கிவிடக் கை இருக்கிறதே! துறைத்தலைவர் வந்தால் ஒரு குலுக்கு, நிதிக்குழு வந்தால் இரண்டு, புகைப்படக்காரர் வந்தால் அவர் கேமரா மூடியைக் கழற்றுவதற்குள் மூன்று. பிறகு பாட்டில் தெளிவதற்குள் பேச்சை முடித்து எல்லாரையும் காபிக்கு ஓட்டிச் சென்றுவிடுவார். பொய் சொன்னாரா? ஒருநாளும் இல்லை. ‘பாருங்கள்’ என்பார், அவ்வளவுதான்.

இவரிடம் போய் அகிலா என்றொரு மாணவி சேர்ந்தாள். நகரிக்காரி, விசைத்தறிச் சத்தத்தில் படித்து வளர்ந்தவள், எந்தச் சத்தத்துக்கும் அசையமாட்டாள். பாலிமரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, கடைசியில் மெய்யாகவே நிற்கும் ஒரு பாட்டிலைச் செய்துவிட்டாள். மாதக்கணக்காக அது அலமாரியில் அப்படியே இருந்தது. அடியில் ஒரு பொட்டு வண்டல் இல்லை. அதை யாரும் தொடவில்லை என்பதில்தான் அவளுடைய முனைவர் பட்டமே இருந்தது. ஒருமுறை குலுக்கிவிட்டால், தானாக நின்றதா, நிறுத்தி வைத்தார்களா, யார் கண்டது?

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து தேர்வாளர் வந்தார். திருப்பதிக்கு வரும் எந்தத் தேர்வாளரும் முதலில் மலைக்குத்தான் போவார்; பெருமாளைப் பார்த்த பிறகுதான் மாணவரைப் பார்ப்பார். காலைத் தேர்வு மதியத்துக்குத் தள்ளிப்போயிற்று. தரிசனத்துக்குக் காத்திருக்கும் கம்பார்ட்மென்டில் உட்கார்ந்திருப்பதாக அவரிடமிருந்து போன் வந்தது. சும்மா இருந்த சடகோபனின் கை, தானாகப் பாட்டிலை நோக்கிப் போயிற்று.

“தொடாதீங்க சார். அது தானா நின்னுகினு இருக்குது” என்றாள் அகிலா.

“பர்லேதும்மா, ஒண்ணும் ஆகாது. லேசா ஒரே ஒரு குலுக்கு, சேஃப்டிக்கு.”

“குலுக்கிட்டா அப்புறம் நான் இன்னாத்த காட்டறது?”

கைகளைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தார். விரல்கள் நமைத்தன. பாட்டிலை முறைத்தார், அது தெளியவில்லை. மதியம் போய்ச் சாயங்காலம் வந்தபோது ஒரு விபரீதம் நடந்தது. தன் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் யார் தயவும் இல்லாமல் நிற்கிறது என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பெருமையாகக்கூட இருந்தது. இதைத் தேர்வாளருக்குக் காட்டவேண்டும் என்று சின்னப் பிள்ளைபோலத் தவித்தார்.

மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் லட்டுப் பையுமாகத் தேர்வாளர் வந்து சேர்ந்தார். இதுதானே அது என்று கேட்டபடி பாட்டிலை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பதற்கு முன்னால், வெகு இயல்பாக, நன்றாக நாலு குலுக்குக் குலுக்கினார். பழகிய கை.

“பிரமாதமா நிக்குதே” என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். எல்லாருக்கும் லட்டைப் பிட்டுக் கொடுத்தார்.

அகிலாவுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அவள் தன் பங்கு லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்: “இப்போ உங்க பாட்டிலும் எம் பாட்டிலும் ஒண்ணுதான் சார்.”

சடகோபன் தன் பங்கு லட்டை மேசைமேல் வைத்துவிட்டார். வாழ்நாளில் ஒரே ஒருநாள் குலுக்காமல் இருந்தார், அதைப் பார்க்க ஆளில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கூடத்துக் குப்பையைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறவரும், மேலதிகாரியின் காலடி கேட்டதும் கீபோர்டைத் தட்டத் தொடங்குகிறவரும் இதே குலம்தான். நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். ஆனாலும் அடுத்த முறை யாராவது ‘சௌக்கியமா?’ என்று கேட்டால், ‘சௌக்கியம்’ என்று சொல்வதற்கு முன் உள்ளுக்குள் ஒரு குலுக்கு நடக்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.