ஸ்டாஃபைக் குறைக்கச் சொன்ன டொக்டர்

மல்கிரேவ்

அன்புள்ள மச்சான் விக்னராஜாவுக்கு,

நாங்கள் இஞ்ச சுகம். ஸ்ட்ராத்ஃபீல்டில நீயும் பிள்ளையளும் அப்பிடியே இருக்க வேணும். இம்முறை 'சுகம்' எண்டதைச் சும்மா எழுதேல்லை, ஸ்கான் பார்த்திட்டு எழுதுறன்.

போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் வீட்டில ஒரு அன்ரி மூக்கைச் சுழிச்சு, "பக்கத்தில எங்கயோ நீச்சல் குளம் கழுவீனம்" எண்டவ. குளம் இல்லை, நான்தான். டொக்டர் சொன்ன அளவுக்குப் பிளீச் கலந்த தண்ணிக்குள்ள கிடந்து எழும்பி, அதுக்கு மேல சென்ற்றும் அடிச்சுக்கொண்டு போனனான். உன்ரை அக்கா ராதா என்னை முன்னப்பின்னத் தெரியாத ஆள் மாதிரி எழும்பிப்போய் அங்கால் கதிரையில இருந்திட்டா.

என்ரை முதுகில கிடந்த சிவப்புத் திட்டுகள், தோலில வாற லிம்போமா, மெதுவாப் போற ஒரு கான்சர் எண்டு உனக்குத் தெரியும். இந்த வருஷம் அது திடீரெண்டு கசிஞ்சு, கடிச்சு, நித்திரை இல்லை. ஸ்பெஷலிஸ்ட் பார்த்திட்டு இங்கிலீசில, "இதைக் கிளப்பி விடுறது ஸ்டாஃபின்ரை ரொக்சினா இருக்கலாம். முதல்ல ஸ்டாஃபைக் குறைக்க வேணும்" எண்டார். நான் பிஸ்கற் பக்ரறியில எட்டுப் பேருக்குச் சூப்பர்வைசர். 'ரொக்சிக்', அதாவது நஞ்சு பிடிச்ச வேலையிடம் எண்டு போன வருஷம் எங்களுக்கு ஒரு வகுப்பும் வைச்சவை, நான் அதில நித்திரை கொண்டனான். அப்ப கணக்குச் சரிதானே! ஆக்களைக் குறைக்க மனம் வரேல்லை, நஞ்சைக் குறைப்பம் எண்டு அடுத்த நாள் எல்லாருக்கும் மட்டன் ரோல்ஸ் கொண்டு போனன். பிந்தி வந்தவனுக்கு "பரவாயில்லையப்பு" எண்டன். எந்த நாளும் என்னோட சண்டை பிடிக்கிற ரஞ்சினி ரோல்ஸைக் கையில வைச்சுக்கொண்டு அழுவாரைப்போல, "அண்ணை, ஆரை வேலையால நிப்பாட்டப் போறியள்? நேரா சொல்லுங்கோ" எண்டு கேட்டா.

வீட்டில இதைச் சொல்ல, மகள் சுஜீவா "அப்பா! ஸ்டாஃப் இஸ் எ பக்ரீரியா!" எண்டு கத்தினாள். தோலில குடியிருக்கிற கிருமியாம். அது விடுற நஞ்சு கெட்ட செல்லுகளை உசுப்பி விடலாமாம், செல்லுகள் தோலைக் கெடுக்க, கிருமி இன்னும் பெருகுமாம். ரெண்டும் கூட்டுக் களவாணியள். எல்லாருக்கும் இப்பிடியோ எண்டு இன்னும் ஆராய்ச்சி நடக்குதாம். எனக்கு அன்ரிபயோரிக்கும் பிளீச் குளிப்புமா சிவப்பு வத்திப்போச்சு. நேற்று ஸ்கான் முடிவு வந்தது, தோலை விட்டு உள்ளுக்குப் போகேல்லை. "மாறேல்லை, ஆனா அடங்கிக் கிடக்கு" எண்டார் டொக்டர். உன்ரை அக்காவைக் கட்டின நாள் தொட்டு நானும் அப்பிடித்தானே, அது காணும்.

வாற வருஷம் சுஜீவாவின்ரை கலியாணத்துக்கு நீ குடும்பத்தோட வந்து எங்களோடதான் நிக்க வேணும். மருமக்களுக்கு என்ரை ஆசி, தூர நிண்டு, மணக்காமல்.

இப்படிக்கு,
கழுவித் துடைச்ச அத்தான்
அருந்தவன்

பி.கு: ஸ்டாஃப் கதை முழுக்க உண்மையில்லை, மச்சான். அது கிருமி எண்டு டொக்டர் அப்பவே விளங்கப்படுத்தினவர். மனிசரெண்டா ரோல்ஸ் குடுத்தாவது சமாளிக்கலாம் எண்டு என்ரை மனம்தான் விடேல்லை. "வேற ஏதும் கேள்வி இருக்கோ?" எண்டு டொக்டர் கேட்டவர். "நோ, தாங்க்யூ" எண்டிட்டு எழும்பினன். கலியாணத்துக்கு நான் நிப்பனோ எண்டு கேட்கேல்லை.